கண்ணாடிப் படியும் கலோரிமானியின் கடிகாரமும்

கிளிசரினைப் படிகமாக விடாமல் குளிர்வித்து, பிறகு மெல்லச் சூடாக்கி அதன் வெப்ப ஏற்புத்திறனை அளந்தால், 190 கெல்வினை ஒட்டி வரைகோடு சட்டென ஒரு படி ஏறும். ஒரு சில கெல்வினுக்குள் மதிப்பு ஏறத்தாழ இரட்டிப்பாகிவிடும். ஆய்வகத்தில் முதன்முதலாக இதைப் பார்க்கும் மாணவருக்குச் சொல்லித்தரப்படுவது மூன்று வாக்கியங்கள். இது கண்ணாடிமாற்றம். இது இரண்டாம் வகை நிலைமாற்றம். இது நிகழும் வெப்பநிலை, உருகுநிலையைப் போலவே, கிளிசரினின் பண்பு. தேர்வில் எழுதினால் முழு மதிப்பெண். பாலிமர் வேதியியல் பாடக்குறிப்புகளில் உருகுதல் முதல் வகை, கண்ணாடியாதல் இரண்டாம் வகை என்று பக்கத்தில் பக்கத்தில் கட்டம் போட்டே எழுதியிருப்பார்கள். மருந்துப் பொருள்களின் ஆய்வறிக்கைகளிலும் கண்ணாடிமாற்ற வெப்பநிலை என்ற தலைப்புக்கு எதிரே ஒரேயொரு எண், எந்த நிபந்தனையும் இல்லாமல் உட்கார்ந்திருக்கும்.

மூன்றில் முதல் வாக்கியம் மட்டுமே சரி. மற்ற இரண்டும் தவறு; தவறு என்று பல பத்தாண்டுகளாகத் தெரிந்திருந்தும் ஓதப்படும் தவறு. (ஐரோப்பியத் தேவாலயச் சன்னல் கண்ணாடிகள் நூற்றாண்டுக்கணக்கில் வழிந்து அடிப்பக்கம் தடித்துவிட்டன என்ற கதையை நான் இங்கே தொடப்போவதில்லை. அதை மறுத்து எழுதுவதே இப்போது ஒரு சடங்காகிவிட்டது. அதை நம்புகிறவர் ஆய்வகத்துக்குள் யாரும் இல்லை. ஆய்வகத்துக்குள் நம்பப்படுவதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.)

எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழு வலுவோடு முதலில் வைத்துவிடலாம். 1933இல் பால் எரன்ஃபெஸ்ட் நிலைமாற்றங்களை வகைபிரித்தார். லைடன் நகரில் கீசம் குழுவினர் திரவ ஹீலியத்தின் வெப்ப ஏற்புத்திறனில் கண்ட விசித்திரம்தான் அவரைத் தூண்டியது: உள்ளுறை வெப்பம் எதுவும் இல்லை, ஆனாலும் திட்டவட்டமான ஒரு வெப்பநிலையில் ஏதோ மாறுகிறது. எரன்ஃபெஸ்ட் தந்த அளவுகோல் எளியது. கிப்ஸ் ஆற்றலின் முதல் வகைக்கெழுக்களான என்ட்ரோபியும் கனஅளவும் துள்ளினால் அது முதல் வகை. அவை தொடர்ச்சியாக இருக்க, இரண்டாம் வகைக்கெழுக்களான வெப்ப ஏற்புத்திறன், வெப்ப விரிவுக் கெழு, அமுக்கப்படும் தன்மை ஆகியவை துள்ளினால் இரண்டாம் வகை. இனி கண்ணாடியைப் பாருங்கள். குளிர்விக்கையில் கனஅளவு தொடர்ச்சியாகவே குறைகிறது. உள்ளுறை வெப்பம் இல்லை. ஆனால் இரண்டாம் வகைக்கெழுக்கள் மூன்றும் துள்ளுகின்றன. கணக்கு அச்சாகப் பொருந்துவதுபோல் தெரிகிறது. இதற்கு மேல் என்ன வேண்டும் என்று அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

வேண்டியது சமநிலை. எரன்ஃபெஸ்ட் பேசியது ஒன்றோடொன்று சமநிலையில் உள்ள இரண்டு நிலைகளைப் பற்றி. வெப்பநிலையையும் அழுத்தத்தையும் சொல்லிவிட்டால் பொருளின் நிலையை முழுக்கச் சொல்லியதாகும் என்ற எடுகோளின் மேல் நிற்பது அவருடைய கணக்கு. படிக்குக் கீழே இருக்கும் கிளிசரினுக்கு அந்த எடுகோள் செல்லாது. செல்லும் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டாலும் கணக்கு வேறோர் இடத்தில் உடைகிறது. கிப்ஸ் ஆற்றலின் கோடு எவ்வளவு கீழ்நோக்கி வளைகிறது என்பதைத் தீர்மானிப்பது வெப்ப ஏற்புத்திறன். திரவத்தின் வெப்ப ஏற்புத்திறன் கண்ணாடியுடையதைவிட அதிகம். ஆகவே திரவக் கோடும் கண்ணாடிக் கோடும் படியின் இடத்தில் தொட்டுக்கொண்டு பிரிந்தால், அதற்கு மேலும் சரி, கீழும் சரி, திரவத்தின் கோடே தாழ்ந்திருக்கும். கண்ணாடி எந்த வெப்பநிலையிலும் திரவத்தைவிட நிலையானதாக ஆகாது. தொட்டுப் பிரியும் கோடுகளைப் பற்றிய இந்தச் சிக்கலை எரன்ஃபெஸ்டின் திட்டத்துக்கு எதிராகவே மாக்ஸ் ஃபொன் லாவே 1930களில் எழுப்பினார். மின்மீக்கடத்திகளில் குளிர்ந்த பக்கத்துக்கு வெப்ப ஏற்புத்திறன் கூடுதல் என்பதால் அங்கே குளிர்ந்த நிலைக்கு ஆற்றல் குறைகிறது; மாற்றம் நடக்க ஒரு காரணம் இருக்கிறது. கண்ணாடியில் துள்ளல் தலைகீழ். பொருள் தானே விரும்பி, கிப்ஸ் ஆற்றல் கூடுதலான நிலைக்குப் போய்ச் சேரும் ஒரு நிலைமாற்றத்தை வெப்ப இயக்கவியலில் எங்கும் காட்ட முடியாது.

அடுத்து வேகம். பனிக்கட்டியை நிமிடத்துக்கு ஒரு கெல்வின் வீதம் சூடாக்கினாலும், ஒரு நாளுக்கு ஒரு கெல்வின் வீதம் சூடாக்கினாலும் 273 கெல்வினில்தான் உருகும். கருவி பின்தங்குவதால் சிறு பிசகு வரலாம், திருத்தினால் போய்விடும். கிளிசரின் போன்ற திரவங்களிலோ, குளிர்விக்கும் வேகத்தைப் பத்து மடங்கு குறைத்தால் கண்ணாடிப் படி 3 முதல் 5 கெல்வின் வரை கீழிறங்கும். இது கருவியின் பிழை கிடையாது. எவ்வளவு திருத்தினாலும் போகாது. அட்டவணைகளில் இருக்கும் எண்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதற்குக் காரணம், உலகம் முழுக்க டிஎஸ்சி (வகையீட்டு ஸ்கேன் கலோரிமானி) கருவியை நிமிடத்துக்கு 10 கெல்வின் என்ற ஒரே வேகத்தில் ஓட்டுகிறோம் என்பதுதான். அந்த வேகத்தில் படி தோன்றும் இடத்தில் மூலக்கூறுகள் தம்மை மறுஅடுக்கம் செய்துகொள்ள ஏறத்தாழ 100 நொடி எடுக்கின்றன. பாகுநிலை 10இன் 12ஆம் அடுக்கு பாஸ்கல் நொடி அளவில் இருக்கிறது. இரண்டுமே மனிதப் பொறுமையின் அளவுகள். ஓர் அளவீட்டை முடித்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும் என்று நினைக்காத ஓர் உயிரினம் இருந்தால், அதன் அட்டவணையில் கிளிசரினுக்கு வேறோர் எண் இருக்கும்.

இதைத் தத்துவமாகச் சொல்லவில்லை, அளந்து காட்டியிருக்கிறார்கள். 1985இல் சிகாகோவில் நார்மன் பெர்ஜும் சிட்னி நேகலும் கிளிசரினுக்குள் மெல்லிய உலோகச் சூடேற்றியை அமிழ்த்தி, மாறுமின்னோட்டத்தைச் செலுத்தி, வெப்ப ஏற்புத்திறனை அதிர்வெண்ணின் சார்பாக அளந்தார்கள். நொடிக்கு ஆயிரக்கணக்கான அலைவுகள் முதல், ஓர் அலைவுக்கு நூறு நொடி எடுக்கும் மெதுவான அலைவு வரை. டென்மார்க்கில் கிறிஸ்டென்சனும் அதே ஆண்டிலேயே இதே வழியில் சென்றார். விளைவு என்ன? வேகமான அலைவுக்குப் படி உயர்ந்த வெப்பநிலையில் வருகிறது. மெதுவான அலைவுக்குத் தாழ்ந்த வெப்பநிலையில் வருகிறது. அதிர்வெண்ணை மாற்ற மாற்ற, படி வெப்பநிலை அச்சில் நகர்ந்துகொண்டே போகிறது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த அளவீடு முழுவதும் கிளிசரின் சமநிலைத் திரவமாகவே இருந்தது. கண்ணாடி என்று ஒன்று உருவாகாமலேயே, கண்ணாடிக்கு உரியதாகச் சொல்லப்படும் படி தோன்றிவிட்டது. திரவம் திரவமாகவே இருக்க, கேள்வியை வேகமாகக் கேட்டால் குறைந்த வெப்ப ஏற்புத்திறன்; நிதானமாகக் கேட்டால் கூடுதல். நிலைமாற்றம் என்று இதைச் சொல்கிறவர், ஒரே வெப்பநிலையில் ஒரே திரவம் ஒரே சமயத்தில் இரண்டு நிலைகளில் இருந்தது என்றும் சொல்லியாக வேண்டும்.

பொருளின் பழைய கதை இதைவிடக் கடுமையான சாட்சி. இங்கேதான் ஒசாகா பல்கலைக்கழகத்தின் சூஸோ செகி, ஹிரோஷி சுகா ஆகியோரின் வெப்பமாற்றீடற்ற கலோரிமானியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். டிஎஸ்சி பழகியவர்களுக்கு இந்தக் கருவி பெரும்பாலும் அந்நியம். டிஎஸ்சியில் சில மில்லிகிராம் சாம்பிளை அலுமினியப் பேனில் வைத்து, ஒரே சீரான வேகத்தில் ஸ்கேன் செய்கிறோம். அரை மணியில் வரைகோடு கையில். வெப்பமாற்றீடற்ற கலோரிமானியில் கிராம் கணக்கில் சாம்பிளை உலோகக் கலத்தில் அடைத்து, உள்ளே வெப்பம் பரவச் சிறிது ஹீலியம் விட்டு மூடி, சுற்றிலும் உள்ள உறையைக் கலத்தின் அதே வெப்பநிலையில் வைத்திருப்பார்கள். வெப்பம் உள்ளேயும் வராது, வெளியேயும் போகாது. அளந்த மின்னாற்றலைக் கொடு, வெப்பநிலை எவ்வளவு ஏறியது என்று பிளாட்டின மின்தடை வெப்பமானியில் பார், காத்திரு, மறுபடி கொடு. ஒரு பொருளை முடிக்க வாரக்கணக்கில் ஆகும். அந்தக் காத்திருப்பில்தான் விஷயம் இருக்கிறது.

சாதாரணப் பொருளில், மின்சாரத்தை நிறுத்தியதும் வெப்பநிலை அசையாமல் நின்றுவிடும். கண்ணாடிப் படியை நெருங்கும்போது நிற்காது. யாரும் சூடாக்காமல், யாரும் குளிர்விக்காமல், கலத்தின் வெப்பநிலை தானாக நகரும். முன்பு வேகமாகக் குளிர்வித்த சாம்பிள் என்றால், படிக்குச் சற்றுக் கீழே அது மேல்நோக்கி நகரும். சிக்கிப்போயிருந்த என்தால்பியை வெப்பமாக உமிழ்கிறது. முன்பு மிக நிதானமாகக் குளிர்வித்த சாம்பிள் என்றால், அதே வெப்பநிலையில் நகர்வு கீழ்நோக்கி இருக்கும்; அது வெப்பத்தை உறிஞ்சுகிறது. பொருள் ஒன்றே, வெப்பநிலை ஒன்றே, அழுத்தம் ஒன்றே. ஒன்று உமிழ்கிறது, மற்றது உறிஞ்சுகிறது. வித்தியாசம், நேற்று அதை எப்படிக் குளிர்வித்தார்கள் என்பதில் மட்டும். சமநிலையில் உள்ள எந்த நிலைக்கும் நேற்றைய நினைவு இருக்காது. வாஷிங்டனில் அமெரிக்கத் தரநிர்ணய ஆய்வகத்தில் ஒளியியல் கண்ணாடிகளைப் பதப்படுத்துவதை ஆராய்ந்த ஆர்தர் டூல், 1946இலேயே இதற்காக மூன்றாவதாக ஓர் எண்ணைக் கேட்டார். வெப்பநிலையும் அழுத்தமும் போதாது. இந்தக் கண்ணாடியின் அமைப்பு எந்த வெப்பநிலைத் திரவத்தின் அமைப்போடு உறைந்தது என்று காட்டும் பாவனை வெப்பநிலையையும் சொல்ல வேண்டும் என்றார். நிலைமாற்றக் கொள்கை பேசுகிறவர்களின் வரைபடத்தில் அந்த எண்ணுக்கு அச்சே கிடையாது.

டிஎஸ்சியில் இதே நினைவு வேறு வடிவில் வரும். சில மாதங்கள் அலமாரியில் இருந்த படிகமற்ற மருந்துப் பொருளைச் சூடாக்கினால், படியின் உச்சியில் ஒரு கூர்முகடு எழும்பும். அதைப் பார்த்ததும் உருகுதல் என்று குறித்துவிடுகிறவர்கள் உண்டு. கிடந்த நாள்களில் இழந்த என்தால்பியைப் பொருள் திரும்பப் பெறுகிறது, அவ்வளவுதான். மீண்டும் குளிர்வித்து உடனே இரண்டாவது ஸ்கேன் போட்டால் முகடு காணாமல் போயிருக்கும். முதல் ஸ்கேனைத் தூக்கிப் போட்டுவிட்டு இரண்டாவதை மட்டும் அறிக்கையில் சேர்ப்பது பல ஆய்வகங்களில் வழக்கம். "வெப்ப வரலாற்றை அழித்துவிட்டோம்" என்று எழுதுவார்கள். வரலாறே இல்லாத ஒரு பண்பை அளந்ததாக அதன் பிறகு பேசுவது எப்படிப் பொருந்தும்?

எரன்ஃபெஸ்டின் சமன்பாடுகளையே சோதித்துப் பார்த்தவர்களும் உண்டு. இரண்டாம் வகை மாற்றம் என்றால், அழுத்தத்தோடு மாற்ற வெப்பநிலை எப்படி நகரும் என்பதற்கு இரண்டு சமன்பாடுகள். இரண்டும் ஒரே விடையைத் தர வேண்டும். வெப்ப ஏற்புத்திறனையும் விரிவையும் இணைக்கும் சமன்பாடு கண்ணாடிகளில் ஓரளவு பொருந்தும்; எதிர்த்தரப்பார் காட்டுவது இதைத்தான். விரிவையும் அமுக்கப்படும் தன்மையையும் இணைக்கும் மற்றது பொதுவாகப் பொருந்தாது. இரண்டையும் சேர்த்துச் செய்யும் பிரிகோஜின்-டிஃபே விகிதம், உண்மையான இரண்டாம் வகைக்கு 1 ஆக இருக்க வேண்டும். பெரும்பாலான கண்ணாடிகளில் அது 2 முதல் 5 வரை வருகிறது. டேவிஸும் ஜோன்ஸும் 1953இல் இதன் பொருளைத் தெளிவாக்கிவிட்டார்கள்: உறைந்துபோன உள்மாறி ஒன்றுக்கு மேல் இருந்தால் விகிதம் 1ஐத் தாண்டும்.

என்ட்ரோபிக் கணக்குக்கு வருவோம். இந்தத் துறையின் மூல வழக்கு அதுதான். பெர்க்லியில் கிப்சனும் வில்லியம் ஜியாக்கும் 1923இல் கிளிசரினைக் கொண்டு செய்த சோதனையின் அழகு, அது கேட்ட கேள்வியின் நேர்மையில் இருக்கிறது. நெர்ன்ஸ்டின் வெப்பத் தேற்றத்தின்படி தனிச்சுழியில் என்ட்ரோபி வேறுபாடு எதுவும் மிஞ்சக் கூடாது. கண்ணாடிக்கும் அது பொருந்துமா? கிளிசரின் லேசில் படிகமாகாத பொருள். படிகத்தைப் பெறுவதே பெரும்பாடு. பெற்ற பிறகு, படிகத்தின் வெப்ப ஏற்புத்திறனைத் தாழ் வெப்பநிலையிலிருந்து உருகுநிலையான 291 கெல்வின் வரை தொகையிட்டு, உருகும் என்ட்ரோபியைச் சேர்த்து, பிறகு திரவத்தின் வழியாகவும் கண்ணாடியின் வழியாகவும் கீழே இறங்கினார்கள். கணக்கு சுழியில் முடியவில்லை. கண்ணாடியிடம் மோலுக்குக் கெல்வினுக்கு ஏறத்தாழ 23 ஜூல் மிச்சம் இருந்தது. ஃபிரான்ஸ் சைமன் இதைச் சரியாக வாசித்தார்: மூன்றாம் விதி உள்ளுக்குள் சமநிலையில் இருக்கும் பொருள்களுக்கானது, கண்ணாடி அப்படிப்பட்டதல்ல, ஆகவே விதி தோற்கவில்லை, கண்ணாடிதான் அதன் எல்லைக்கு வெளியே நிற்கிறது. இதில் இன்னொன்றும் அடங்கியிருக்கிறது. அந்த 23 ஜூலும் கிளிசரினின் மாறிலி அல்ல. இன்னும் நிதானமாகக் குளிர்வித்திருந்தால் சற்றுக் குறைவாக மிஞ்சியிருக்கும். ஒரே பொருளின் கண்ணாடிக்கு எத்தனை குளிர்வித்தல் முறைகளோ, அத்தனை மிச்ச என்ட்ரோபிகள்.

இந்த இடத்தில் எதிர்த்தரப்பின் கெட்டிக்காரர்கள் எழுந்து நிற்பார்கள். சரி, நீங்கள் அளக்கும் படி வேகத்தின் விளைவே. ஆனால் அதற்கு அடியில் உண்மையான ஒரு மாற்றம் ஒளிந்திருக்கிறது. முடிவிலா நிதானத்தோடு குளிர்வித்தால் அது வெளிப்படும் என்பார்கள். இந்த வாதத்தை மதிக்கிறேன். அதன் வேரும் கலோரிமானியில்தான் இருக்கிறது. வால்டர் கௌஸ்மன் 1948இல் பல திரவங்களின் என்ட்ரோபித் தரவுகளை எடுத்து, திரவத்துக்கும் படிகத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் படிக்குக் கீழேயும் நீட்டிப் பார்த்தார். தனிச்சுழிக்கு வெகு மேலேயே வேறுபாடு அற்றுப்போய், ஒழுங்கற்ற திரவத்தின் என்ட்ரோபி ஒழுங்கான படிகத்தைவிடக் குறைந்துவிடும்போல் இருந்தது. கிளிசரினுக்கு அந்த இடம் 135 கெல்வினை ஒட்டி வருகிறது. கிப்ஸும் டிமார்ட்சியோவும் 1958இல் அங்கே உண்மையான இரண்டாம் வகை மாற்றம் இருக்கும் என்று பாலிமர்களுக்குக் கணக்கிட்டார்கள். பின்னாளில் ஜியார்ஜியோ பரிசி முதலியோரின் கொள்கைகளும் ஓர் இலட்சியக் கண்ணாடி மாற்றத்தைக் கணித வடிவில் வைத்தன. கௌஸ்மன் மட்டும் இந்த முடிவுக்கு வரவில்லை. அந்த இடத்தை அடையுமுன்பே திரவம் படிகமாகிவிடும், ஆகவே முரண்பாடு எழவே எழாது என்றார்.

இருக்கட்டும், 135 கெல்வினில் ஒரு மாற்றம் இருக்கலாம். 190 கெல்வினில் மாணவர் அளந்த படி அது ஆகாது. 55 கெல்வின் தள்ளி, நீட்டிப்பில் மட்டுமே தெரியும் ஒன்றின் மரியாதையை, கையில் உள்ள வரைகோட்டுக்குக் கடன் வாங்கிக் கொடுக்க முடியாது. நீட்டிப்பும்கூட அவ்வளவு நம்பிக்கைக்குரியதல்ல. டெக்சாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஷாவோ, சைமன், மெக்கென்னா ஆகியோர் 2013இல் டொமினிக்கக் குடியரசிலிருந்து கிடைத்த 2 கோடி ஆண்டுப் பழைமையான அம்பரை எடுத்து அளந்தார்கள். அம்பர் மரப்பிசினிலிருந்து ஆன பாலிமர். கிளிசரின் போன்ற சிறு மூலக்கூறு அல்ல என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் எந்த ஆய்வகமும் தர முடியாத நிதானத்தை அதற்குப் பூமி தந்திருக்கிறது. அதன் பாவனை வெப்பநிலை, வழக்கமான படியைவிட 40 கெல்வினுக்கும் மேல் தாழ்ந்திருந்தது. அவ்வளவு கீழே இறங்கியும், மூலக்கூறுகள் மறுஅடுக்கம் செய்துகொள்ள எடுக்கும் தளர்வு நேரம் முடிவிலியை நோக்கிப் பாய்கிறது என்று காட்டும் அறிகுறி இல்லை. பழைய நீட்டிப்புச் சூத்திரங்கள் சொன்னதைவிட அது மிதமாகவே ஏறியது. இலட்சிய மாற்றக் கட்சிக்கு இது மரண அடி என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஆதாரம் காட்ட வேண்டிய பொறுப்பு எந்தப் பக்கம் இருக்கிறது என்பது தெளிவு.

இதெல்லாம் வகைப்பாட்டுத் தகராறுதானே, எந்தப் பெட்டியில் போட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. பெட்டி மாறியிருந்தால் கண்டுபிடிப்பே நின்றுபோயிருக்கக்கூடிய ஒரு வழக்கைச் சொல்கிறேன். அதன் பொருள் சாதாரணப் பனிக்கட்டி.

பனிக்கட்டியில் ஆக்சிஜன்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கின்றன, ஹைட்ரஜன்கள் அப்படியில்லை. ஒவ்வொரு பிணைப்பிலும் புரோட்டான் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதில் தேர்வு இருக்கிறது. லைனஸ் பாலிங் 1935இல் அந்தத் தேர்வுகளை எண்ணி, தனிச்சுழியிலும் மோலுக்குக் கெல்வினுக்கு 3.37 ஜூல் மிஞ்ச வேண்டும் என்றார். அடுத்த ஆண்டே ஜியாக்கும் ஸ்டவுட்டும் கலோரிமானியில் அளந்து ஏறத்தாழ அதே மதிப்பைக் கண்டார்கள். வெற்றி இவ்வளவு அழகாக இருந்ததால் பலருக்கு அங்கேயே கதை முடிந்தது. பனிக்கட்டியின் ஒழுங்கின்மை அதன் இயல்பாகவே ஆகிவிட்டது.

ஒசாகாக் குழு வேறு விதமாக யோசித்தது. மிச்ச என்ட்ரோபி இருக்கிறது என்றால் எங்கோ ஏதோ உறைந்திருக்க வேண்டும். உறைந்த இடத்தில் படி இருக்க வேண்டும். 1974இல் 100க்கும் 110க்கும் இடைப்பட்ட கெல்வினில் பனிக்கட்டியின் வெப்ப ஏற்புத்திறனில் மிகச் சிறிய படியையும், அதோடு தானாக நகரும் வெப்பநிலையையும் கண்டுபிடித்தார்கள். கவனியுங்கள்: இது படிகம். உருகவில்லை, வழியவில்லை, திரவமே இல்லை. ஆனாலும் கண்ணாடிப் படி. இந்தப் படியை நிலைமாற்றம் என்று வாசிக்கிறவர், பனிக்கட்டியில் ஒரு புதிய நிலை கிடைத்துவிட்டது என்று எழுதிவிட்டுப் போயிருப்பார். இதைப் புரோட்டான்களின் நேரம் தீர்ந்த இடம் என்று வாசித்ததால், அடுத்த கேள்வி தானாக வந்தது: நேரத்தை நீட்டிக் கொடுத்தால் கீழே என்ன நடக்கும்? அவர்கள் பொட்டாசியம் ஹைட்ராக்சைடைச் சிறிதளவு கலந்தார்கள். அது பனிக்கட்டியில் உண்டாக்கும் குறைபாடுகளின் வழியே புரோட்டான்கள் தாழ்ந்த வெப்பநிலையிலும் இடம்பெயர முடியும். நீண்ட நேரம் பதப்படுத்திய பிறகு, 72 கெல்வினில் தெளிவான ஒரு முதல் வகை நிலைமாற்றம் எழுந்தது. பாலிங் எண்ணிய என்ட்ரோபியில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு அங்கே நீங்கியது. தஜிமா, மத்சுவோ, சுகா 1982இல் வெளியிட்ட முடிவு இது; ஒழுங்கான அந்தப் பனிக்கட்டியே இன்று பதினொன்றாம் பனிக்கட்டி என அறியப்படுகிறது.

தூய பனிக்கட்டியில் அந்த மாற்றம் எப்போதும் அங்கேதான் இருந்தது. 100 கெல்வினுக்கு மேலேயே புரோட்டான்கள் உறைந்துவிடுவதால், 72க்கு வந்து சேரும்போது மாறுவதற்கு அசைவே மிஞ்சியிருக்காது. மேலே இருந்த படி கீழே இருந்த மாற்றத்தை மறைத்துக்கொண்டிருந்தது. மறைத்த திரையையே மாற்றம் என்று கொண்டாடுவதுதான் நான் எதிர்க்கும் பார்வை. கார்பன் மோனாக்சைடுப் படிகத்திலும் இதே கதைதான்: தலைகால் மாறி அடுக்கப்பட்ட மூலக்கூறுகளால் மோலுக்குக் கெல்வினுக்கு 4.6 ஜூல் அளவில் மிச்சம் இருப்பதை கிளேட்டனும் ஜியாக்கும் 1932இல் கண்டார்கள். அவை உறையும் படி 18 கெல்வின் அருகே இருப்பது 1976இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. அங்கே இன்னும் திரைக்குப் பின்னால் பார்க்க யாருக்கும் ஒரு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கிடைக்கவில்லை.

மூலக்கூறுப் பொருள்களில் இந்தப் படி திரவத்தின் தனியுரிமை இல்லை என்பதற்கு எத்தனாலே போதும். அதைத் திரவமாகவே உறையவைத்தால் 97 கெல்வினை ஒட்டிப் படி. சற்று வேறு விதமாகக் குளிர்வித்து, மூலக்கூறுகளின் மையங்கள் படிக ஒழுங்கிலும் திசைகள் குலைந்தும் இருக்கும் படிகமாக்கினால், அதற்கும் ஏறத்தாழ அதே 97 கெல்வினில் படி. ஹய்தா, சுகா, செகி 1977இல் இரண்டையும் அளந்தார்கள். சைக்ளோஹெக்சனாலில் இதே குழு 1968இலேயே 150 கெல்வின் அருகே இத்தகைய படியைக் கண்டு, அந்தப் பொருளைக் கண்ணாடிப் படிகம் என்று அழைத்தது. ஃபுல்லரினின் வரைகோடு இன்னும் சுவையானது: 260 கெல்வினை ஒட்டிச் சுழலும் பந்துகள் திசையொழுங்குக்கு வரும் உண்மையான நிலைமாற்றம், 90 கெல்வினுக்குச் சற்றுக் கீழே மிச்சத் திசைகள் உறையும் கண்ணாடிப் படி. ஒரே பொருளில், ஒரே வரைகோட்டில் இரண்டும் அடுத்தடுத்து. முதலாவது அளவீட்டின் நிதானத்துக்கு நகராது, இரண்டாவது நகரும். இதைவிடத் தெளிவான சோதனையை யாரும் கேட்க முடியாது.

மருந்துத்துறைக்கு வருவோம். படியை நிலையின் எல்லை என்று நம்பினால், அதற்குக் கீழே பொருள் பத்திரம் என்ற நம்பிக்கை இயல்பாக வந்துவிடுகிறது. இண்டோமெத்தசின் என்ற வலிநிவாரணியின் கண்ணாடிப் படி சுமார் 42 டிகிரி செல்சியஸ். 30 டிகிரி அறையில் அது கண்ணாடி. ஆகவே அசையாது என்பார்கள். ஆனால் படிகமற்ற இண்டோமெத்தசின் படிக்குக் கீழேயே, 20, 30 டிகிரியிலேயே சில வாரங்களில் படிகமாகத் தொடங்குவதை யோஷியோகா, ஹேன்காக், சோக்ராஃபி 1994இல் காட்டினார்கள். ஆர்த்தோடெர்ஃபினைலில் படிக்குக் கீழே படிகம் எதிர்பாராத வேகத்தில் வளர்வதை கிரீட்டும் டர்ன்புல்லும் 1967இலேயே கண்டிருந்தார்கள். படிக்கு 50 கெல்வின் கீழே வை என்ற நடைமுறை விதி உருவானதற்குப் பின்னணி இதுதான். அந்த 50 கெல்வின் இடைவெளியே, படி ஒரு சுவர் அல்ல என்பதன் ஒப்புதல். ஈரப்பதம் சேர்ந்தால் படி இன்னும் இறங்கும். பஞ்சுமிட்டாயும் சர்க்கரையின் மூலக்கூறுக் கண்ணாடிதான். மெரினாவின் உப்புக்காற்றில் அது கால் மணியில் சுருங்கிப் பிசுபிசுப்பது, நீர் ஏறிப் படி அறை வெப்பநிலைக்குக் கீழே போய்விடுவதால்.

இதே இண்டோமெத்தசினைக் கொண்டு விஸ்கான்சின்–மேடிசனில் மார்க் எடிகர் குழு 2007இல் செய்தது, ஒரு பொருளுக்கு ஒரு கண்ணாடி என்ற எண்ணத்தையே கலைத்துவிட்டது. ஆவியை, படி வெப்பநிலையின் 85 சதவீத அளவுக்குக் குளிர்ந்த தளத்தில் மெதுவாகப் படியவிட்டார்கள். மேற்பரப்பு மூலக்கூறுகளுக்கு உள்ளே இருப்பவற்றைவிட அசைவு அதிகம். ஒவ்வொரு அடுக்கும் மூடப்படுமுன் நல்ல இடம் தேடி அமர்ந்துவிடுகிறது. கிடைத்த கண்ணாடியின் என்தால்பி, திரவத்தைக் குளிர்வித்துச் சாதாரணமாக எட்ட முடியாத அளவு தாழ்ந்திருந்தது. அதே வேகத்தில் சூடாக்கியபோது படி கணிசமாக உயர்ந்த வெப்பநிலையில் வந்தது. அட்டவணையில் இண்டோமெத்தசினுக்கு எதிரே எந்த எண்ணை எழுதுவீர்கள்?

மறுபக்கத்தில் இருந்தும் ஒரு குரல் கேட்கிறது, அதையும் விட்டுவைக்க முடியாது. எல்லாம் வேகத்தின் விளைவுதான் என்றால், மின்காப்பு அளவீட்டிலும் பாகுநிலையிலும் தளர்வு நேரத்தை அளந்துகொண்டால் போதும். கலோரிமானி பழங்கால வேலை என்பார்கள். மின்காப்பு அளவீடு அதிர்வெண்ணில் பத்துப் பதினைந்து பதின்மடிகளைச் சர்வசாதாரணமாகக் கடந்துவிடும். வெப்ப அளவீடு அந்த வீச்சுக்குப் பக்கத்தில்கூட வராது. உண்மைதான். ஆனால் மின்காப்பு அளவீடு எத்தனை அமைப்புகள் உறைந்தன என்று எண்ணாது. புரோட்டான் ஒழுங்கின் மூன்றில் இரண்டு பங்கு 72 கெல்வினில் நீங்கியது என்று எந்த மின்முனையும் சொல்ல முடியாது. தொகையிட்ட வெப்ப ஏற்புத்திறன் மட்டுமே சொல்லும். படி நிலைமாற்றம் அல்ல என்பதால் அதை அளப்பது வீண் என்று முடிவுகட்டியிருந்தால், பனிக்கட்டியின் கதை 1936லேயே நின்றிருக்கும்.

டிரைஃபினைல் ஃபாஸ்பைட் என்ற திரவம் இன்றும் இந்தச் சச்சரவின் நடுவில் நிற்கிறது. படிக்குச் சற்று மேலே, 220 கெல்வினை ஒட்டிச் சிறிது நேரம் வைத்திருந்தால், அந்தத் திரவம் மெல்ல வேறோர் இறுகிய பொருளாகிவிடுகிறது. 1996இல் கிவெல்சன் குழு அதைக் கவனப்படுத்தியது முதல், அது ஒரு திரவத்திலிருந்து இன்னொரு திரவத்துக்கான உண்மையான நிலைமாற்றம் என்று ஒரு சாரார். நுண்படிகங்கள் கலந்த திரவமே என்று இன்னொரு சாரார். அந்த வழக்கில் எந்தப் பக்கம் வாதாடுபவரும் முதலில் செய்ய வேண்டியது, எந்த வெப்பம் நேரத்தைப் பொறுத்தது, எந்த வெப்பம் நேரத்தைச் சாராதது என்று பிரித்து அளப்பது. ஒற்றை வேகத்தில் ஒற்றை ஸ்கேன் போட்டு, நடுப்புள்ளியைக் குறித்து, இரண்டாம் வகை என்று எழுதும் பழக்கம் அந்தப் பிரிப்பைத் தொடங்கவே விடாது. குளிர்வித்த வேகம், பதப்படுத்திய நேரம், முதல் ஸ்கேனா இரண்டாவதா என்ற மூன்றையும் படியின் எண்ணோடு சேர்த்து அச்சிடாத அறிக்கையை ஆய்விதழ்கள் திருப்பி அனுப்ப வேண்டும்.